மாதா காலடியில் இருந்த சிடி

தூத்துக்குடித் துறைமுகத்திலேயே பெரிய கிரேனை, உச்சியில் நின்றால் கொழும்பில் துணி காயப்போடுவது தெரியுமே, அந்தக் கிரேனை, கோவிலில் முழங்காலில் இருந்தபடியே கொன்றவன் நான். கையில் செபமாலைகூட இருந்தது. சிரித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

இருபத்தாறு வருடம் அதன் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்தேன். நான் தும்மினால் கிரேன் நிற்கும். ஓய்வு பெற்ற அன்று, என் இடத்துக்கு வந்த கிளாட்வின் மாலை போட்டுவிட்டு, "அண்ணாச்சி, இனி நிம்மதியா இருங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மனிதனை இதைவிட எப்படி அவமானப்படுத்துவது?

ஆறு மாதத்தில் புது ஃபர்ம்வேர் வந்தது. கிரேனின் மூளைக்குள் எழுதிவைக்கிற கட்டளைகள்தான் அது. பழைய கம்ப்யூட்டர் பென்டிரைவை ஏறிட்டும் பார்க்காது. சிடி போட்டு, சிடியிலிருந்தே அதை எழுப்ப வேண்டும். சரியாக முடித்தால் கிளாட்வினுக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் அவன் ஆசைப்பட்ட பெண் ஜாஸ்லினை அவனுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். அவனே போனில் சொன்னான்.

"சிடி சுத்துது அண்ணாச்சி. கம்ப்யூட்டர்தான் முழிக்க மாட்டேங்கு."

தவறு எனக்கு அந்த நொடியே தெரியும். ஒரு முழுச் சிடியையே ஒற்றைக் கோப்பாகச் சுருட்டி அனுப்புவதுதான் இமேஜ்; வந்த இமேஜை வெறும் கோப்பாகச் சிடியில் நகலெடுத்திருந்தான். இமேஜை இமேஜாகவே எழுத வேண்டும். ஒரே வாக்கியம். நான் சொல்லவில்லை. "ஏலே, வயர மாத்திப் பாரு" என்றேன். மறுநாள் டிரைவை மாற்றச் சொன்னேன். அதற்கடுத்த நாள் வேறு கம்பெனிச் சிடி. ஒரு லாரி நிறைய வீணாக்கினான். ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னான். அந்த வாரம் எனக்கு நல்ல பசி.

நான்காம் நாள் அவனே கண்டுபிடித்துவிட்டான். அதுதான் பொறுக்கவில்லை. சோதனைக் கம்ப்யூட்டரில் சிடி அழகாக ஓடியதாம். அதன்மேல் பச்சை மையில் சிலுவை வரைந்து, படமெடுத்து எனக்கே அனுப்பினான். காலைப் பூசையில் மாதா காலடியில் வைத்துவிட்டுத்தான் கிரேனில் போடுவானாம். புது வலையோ எஞ்சினோ, எங்கள் ஆட்கள் அப்படித்தான். பூசை முடியும்வரை காவல் கிடையாது. மாதா முன்னால் யார் திருடப்போகிறார்?

நான் திருடவில்லை, மாற்றினேன். வேறொரு கிரேன் மாடலுக்கான ஃபர்ம்வேர், அதே பச்சைச் சிலுவை. எல்லோரும் நற்கருணைக்கு வரிசையில் நின்ற நேரம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் மாடலெல்லாம் பார்க்காது, கொடுத்ததை விழுங்கும்.

பத்து மணிக்குக் கிரேன் செத்தது. கப்பல்கள் ராமேஸ்வரம்வரை வரிசை கட்டின. கிளாட்வினை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜாஸ்லினைப் பெரியதாழையில் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். விருந்தில் சீலா மீன் நன்றாக இருந்தது.

அவன் தப்பாக எழுதிவிட்டான் என்றே ஊர் பேசியது. என் கைவேலைக்கு அவன் பெயரா? அதனால்தான் நானே வந்து சொன்னேன். நான் சொன்னதை நீங்கள்கூட நம்பினீர்கள். நம்பாதவன் கிளாட்வின் ஒருவன்தான். நேற்று இதே மேஜை முன் நின்று உங்களிடம் வாதாடினான். "அண்ணாச்சி அப்படிச் செய்ய மாட்டாவ, சார். மூணு நாளும் பொறுமையா சொல்லித் தந்தாவ."

இனி அவன் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் சட்டைப்பையிலிருந்து அவனுடைய அசல் சிடியை எடுத்து வைத்தேன். பச்சைச் சிலுவையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"நான் வரைஞ்சதுதான், சார்" என்றான். "இந்த ஆளுதான் செஞ்சிருக்கான்."