லெபனான்காரன் கடை விருந்து

— இன்னும் எவ்ளோ நேரம்தான் அந்த மங்குத் தட்டத் தேய்ப்ப முத்தாயி? எனாமல் பேந்துரப் போகுது.

— விருந்துக்குப் போற மங்காச்சே. தொரைங்க சாப்புட்ட கடையில கெழங்கு வாடையோட நீட்டுனா நல்லாவா இருக்கும்?

— நக்கல் பண்ணு. ராத்திரி ஏப்பம் விட்டுக்கிட்டு வந்து நிப்பேன், அப்பப் பேசிக்கிறேன்.

— ஏப்பத்தையாவது கொண்டு வாய்யா, மோந்து பாத்துட்டுப் படுத்துக்கிறேன். ஆமா, ஜப்பான்காரனுக்கு ஒன் மேல என்ன திடீர்னு பாசம்? மரவள்ளியில களை எடுக்கலன்னு போன மாசந்தானே வெயில்ல மண்டி போட வச்சான்?

— நல்லா ஒழைக்கிறவனுக்கு விருந்துன்னு, நம்மள வேல வாங்குற தங்கராஜு மண்டோர் சொன்னாரு. ஆம்பளைங்களுக்கு மட்டும். சி ரூசா கடக்கரையில, லெபனான்காரன் கடையில.

— லெபனான்னா எந்த எஸ்டேட்டு?

— எஸ்டேட்டு இல்லடி, நாடு. கடலுக்கு அந்தாண்ட. அரபு பேசுவான், ஆனா வேதக்காரன். சண்டைக்கு முன்னால, காடி சேத்துல சிக்குனா தள்ளுறதுக்குன்னு தொரை என்னையும் பின்னால ஏத்திட்டுப் போவாரு. அங்க ஆட்டுக்கறியக் கொத்தி, கம்பியில புடிச்சு வச்சுச் சுடுவான் பாரு. கடலைய வெண்ணெயாட்டம் அரைச்சு, நடுவுல குழி பண்ணி எண்ணெய ஊத்துவான். ரொட்டியப் பிச்சு அதுல தொட்டுக்குவாங்க.

— நீ தொட்டுக்கிட்டியா?

— நான் சவுக்கு மரத்தடியில நின்னு பாத்துக்கிட்டேன். ஒரு நாளு அவனா மனசு எறங்கி, ஒரு ரொட்டியக் காயிதத்துல சுத்திக் குடுத்தான். இன்னிக்கு உள்ள போயி நாக்காலியில உக்காந்து தின்னப் போறேன் புள்ள.

— நாக்காலி உண்டு, தட்டு கெடையாதாக்கும்.

— அதான் மங்கு கொண்டாரச் சொல்லிட்டாரே. நமக்கு எவன் கடைத் தட்டுல போட்டான்? லுக்குட்டு காப்பிக் கடையிலயே செரட்டையிலதான ஊத்துறான்.

— சரி. கம்பளி எதுக்கு?

— கடக்காத்து குளிருமாம்.

— மாத்து வேட்டி?

— கறிக்கொழம்பு சிந்திட்டா கட்டிக்கத்தான்.

— சிந்துறதுக்கு முன்னாலயே கவலப்படுறாரு. பெத்த தாயி இப்புடி யோசிக்க மாட்டா.

— அந்தக் கடையப் பாத்திருந்தா நீ இப்புடிப் பேச மாட்ட. நீலக் கதவு. மேல பலகையில பச்ச மரம் ஒண்ணு வரைஞ்சிருக்கும். அடுக்கு அடுக்கா கெளை விரிச்சு நிக்கும். அவங்க ஊரு மரமாம்.

— என்ன மரம்? இன்னொரு தரம் சொல்லு.

— பச்ச மரம், அடுக்கடுக்கா. ஏன்?

— அது எரியிறப்ப பெயிண்டு பொகைஞ்சு கண்ணக் கரிச்சுதுய்யா.

— என்னடி ஒளர்ற?

— போன வாரம் நானும் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவும் உப்புக் காய்ச்ச சி ரூசாவுக்குப் போனோமில்ல? வெறகு கெடைக்காம கூரையில்லாத ஒரு கடைக்குள்ள பூந்தோம். நெலைக் கட்டையில நீலக் கதவோட சில்லு ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மேசை நாக்காலிய எல்லாம் எங்களுக்கு முன்ன வந்தவங்க அடுப்புல வச்சுட்டாங்க. மிச்சம் கெடந்தது மரம் வரைஞ்ச பலக ஒண்ணுதான். இப்ப நீ திங்கிற கெழங்குல இருக்குற உப்பு அதுல காய்ச்சுனது.

— அப்ப அந்த லெபனான்காரன்?

— ஜப்பான்காரன் வந்த வருசமே புடிச்சுட்டுப் போயிட்டானாம். மீன்காரக் கெழவன் சொன்னான்.

— அப்ப மண்டோர் எங்கதான் கூட்டிட்டுப் போறாரு?

— மங்கு, கம்பளி, மாத்து வேட்டி. நீயே சேத்துப் பாரு. சுவா தோட்டத்துல படம் காட்டுறோம்னு லாரியில ஏத்திட்டுப் போனாங்களே, அவங்க இப்ப எங்க இருக்காங்க?

— சயாம்ல. ரயில் ரோடு போடுறாங்க. ஒருத்தனும் திரும்பல.

— அவங்களுக்குப் படம், ஒனக்குக் கறி. ஒன்னயத்தான் ஒசத்தியா கூப்புட்டிருக்கான்.

— லாரி வர்ற நேரமாச்சு முத்தாயி. ரப்பர் பாலமரக் காட்டுக்குள்ள ஓடிரவா?

— ஓடுனா சுடுவான். மஞ்சள ஒடம்பு பூராப் பூசிக்கிட்டுப் பாயில படு. நான் கோயில் வேம்ப ஒடிச்சு நம்ம வாசல்ல கட்டிட்டு, வீட்டுக்கு வீடு குடுத்து வெவரத்தச் சொல்லிட்டு வர்றேன்.

*

— என்ன முத்தாயி இது, வாசல்ல வேப்பல?

— ஆத்தா வந்திருக்கா மண்டோரே. அவருக்கு ஒடம்பு பூரா முத்து.

— முனியாண்டி காலையில பேரு கூப்புடுற பெரட்டுல நல்லாத்தானே நின்னான்?

— ஆத்தா ஒங்ககிட்ட சொல்லிட்டா வருவா?

— செல்லம்மா வீட்டுலயும் வேப்பல. கோடி வீடு வரைக்கும் வேப்பல. ஒரே நாளுல லயம் பூராவா வருவா?

— விருந்துன்னு அவ காதுலயும் விழுந்திருக்கும். சந்தேகமா இருந்தா உள்ள வந்து தொட்டுப் பாருங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க.

— வேணாம்லா. எங்கண்ணன அவகிட்டதான் குடுத்தேன். அந்த எலையத் தாண்டி நான் காலு வைக்க மாட்டேன்.

— அப்ப லாரியில இருக்குற ஜப்பான்காரரக் கூப்புடுங்க. அவரு தாண்டட்டும்.

— துவான், சாக்கிட், எல்லாருக்கும் அம்மை, செமுவா சாக்கிட்... பாரு முத்தாயி, மூக்குல துணியக் கட்டிக்கிட்டாரு. எறங்க மாட்டேங்குறாரு.

— ஏன் ஒங்களயே கை காட்டுறாரு?

— நயிக்கு, நயிக்குங்குறாரு. என்னைய ஏறச் சொல்றாரு. வெறும் லாரியோட போவ மாட்டாராம். துவான், நான் மண்டோர், மண்டோர் துவான்...

— ஏறுங்க மண்டோரே. கறி ஆறிரப் போவுது.

— கறியும் இல்ல, கடையும் இல்ல முத்தாயி. இது சயாம் போற லாரி. ஒன் புருசன எழுப்பி விடு, ஒன் கால்ல விழுறேன்.

— விழாதீங்க, வேட்டி அழுக்காயிரும், மாத்து வேட்டி வேற நீங்க கொண்டாரல. இந்தாங்க, கம்பளி. கடக்காத்து குளிருமில்ல? இந்தாங்க மங்கு, சாம்பல் போட்டு நல்லாத் தேச்சு வச்சிருக்கேன். அந்தக் கடையில நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் தட்டு குடுக்க மாட்டாங்க.