இபு ரோஸ்மைடாவின் அட்டை இப்போது யாரிடம்?

மேடையில் அமர்ந்திருக்கும் துணை இயக்குநர் பாக் சஹாலா லும்பன்தோபிங் அவர்களே! ஜெபம் நடத்த வந்திருக்கும் பாதிரியார் அவர்களே! முன்வரிசையில் மனைவி ரோஸ்மைடாவை இழந்து வாடிப்போய் உட்கார்ந்திருக்கும் லாயே, என் மைத்துனர் முறையான தார்சான் சிம்போலோன் அவர்களே! அவருடைய உற்றார் உறவினரே! நம் மேடான் அலுவலகத்தின் தோழர்களே, தோழியரே! உங்கள் எல்லோரையும் மங்கிரிங் பர்தேடே என்கிற நான் வணங்குகிறேன்.

வணங்கிவிட்டேனே தவிர, என் மனம் இந்த மேடையில் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. துக்கம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. இன்று காலையிலிருந்து ஒரு மருத்துவமனைக் கணினியின் ரகசியச் சாவி வெளியே கிடக்கிறது. எந்த மருத்துவமனை என்று இங்கே சொல்ல மாட்டேன். அதை ரத்து செய்யாமல் நாம் இங்கே மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம். நம் எல்லோருக்கும் இபுவாக, அம்மாவாக இருந்த ரோஸ்மைடா ஹுதகவோலுக்கா மாலை? அவர் இருந்திருந்தால் மாலையை நம் தலையிலேயே தூக்கிப் போட்டிருப்பார்!

சிம்போலோன் குடும்பத்தாருக்கு, அவர் என்ன வேலை பார்த்தார் என்பதே பாதி தெரியாது. டிஜிட்டல் சான்றிதழ் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, தம்பி மகனுக்கு ஒரு பட்டச் சான்றிதழ் வாங்கித் தர முடியுமா என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். தலையைக் குனிய வேண்டாம், அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்ததுதான்.

அவர் கொடுத்தது வேறு சான்றிதழ். சிபோல்கா மருத்துவமனையில் ஒரு கணினியும் மேடானில் ஒரு கணினியும் பேசிக்கொள்கின்றன. எங்களுக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம் வேண்டும் என்று அங்கிருந்து கேட்கிறார்கள். கேட்பது அந்த மருத்துவமனைதானா, நடுவில் நுழைந்த திருடனா? அந்த மருத்துவமனைதான் என்று சாட்சி சொல்வது சான்றிதழ். அதை ஊருக்கே காட்டலாம். அதோடு ஜோடியாக வரும் ரகசியச் சாவி மட்டும் அந்தக் கணினியை விட்டு வெளியே வரவே கூடாது. வந்துவிட்டால், அதைக் கையில் வைத்திருப்பவன் எவனும் தன்னை மருத்துவமனை என்று சொல்லிக்கொள்ளலாம். நோயாளியின் பெயரைப் படிக்கலாம், ரத்த வகையை மாற்றலாம். அப்படி நடந்தால் யார் உயிர் போகும்? நம் உயிரா போகும்?

நம் தொழிலில் அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று உண்டு. மென்பொருள் கம்பெனிக்காரன், சான்றிதழை அனுப்புங்கள் என்பான். நம் ஆள் சான்றிதழும் சாவியும் ஒன்றாகக் கட்டிய மூட்டையை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மூட்டைக்குக் கடவுச்சொல் உண்டே என்கிறீர்களா? அதையும் அடுத்த செய்தியில் அனுப்பிவைப்பார்!

சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் வாரம். ஏரிக்கு அப்பால் ஒரு மருத்துவமனை. ஜோன்தர் என்ற தொழில்நுட்பப் பணியாளர் இதே தவறைச் செய்துவிட்டு, தானே இபுவைக் கூப்பிட்டு அழுதார். இபு என்னைப் பார்த்தார். என்னை இத்தோ என்றுதான் அழைப்பார், உடன்பிறந்தவனாகவே நினைத்தார். "வா இத்தோ, அட்டையை எடு" என்றார். அவ்வளவுதான். எங்கள் விதி உங்களுக்குத் தெரியும். சாவி வெளியே போன சான்றிதழை ரத்து செய்ய இரண்டு அட்டை, இரண்டு ஆள். ஒருவர் அட்டையை இன்னொருவர் தொடக்கூடாது. அவர் ஒன்று, நான் ஒன்று.

ரத்து செய்தோம். அந்த மருத்துவமனையின் இணைப்பு அத்தனையும் நின்றது. அந்த மருத்துவமனைத் தலைவர் தொலைபேசியில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். குழுவில் இருப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தானே, பண்டிகை முடிந்து பார்க்கக்கூடாதா என்று கேட்டார். யாரையும் பாக், ஐயா என்று மரியாதையாகவே அழைக்கும் இபு குரலை உயர்த்தவில்லை.

"பாக், உங்க வீட்டுச் சாவி தெருவுல கெடக்கு. பூட்ட மாத்துங்கன்னா, விருந்தாளி வந்திருக்காங்க, அப்புறம் பாக்கலாம்ங்கறீங்க. திருடன் உங்க விருந்து முடியட்டும்னு வாசல்ல காத்துக்கிட்டா நிப்பான்?"

பிறகு என்ன செய்தார்? இணைப்பு வரும்வரை ரத்தக் கோரிக்கை ஒவ்வொன்றையும் தொலைபேசியில் வாங்கினார்; இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் ரத்த வங்கிக்கு அனுப்பினார். புதிய சாவி உருவாக்க ஜோன்தருக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். ஜோன்தரை வேலையை விட்டுத் துரத்த ஆணை வந்தபோது, குறுக்கே நின்றதும் அவர்தான். துரத்தினால் அடுத்தவன் தப்பை மறைப்பான் என்று வாதாடி, அந்த ஆணையைத் திரும்பப் பெற வைத்தார். வையும் வாயும் அவருக்கு உண்டு, காக்கும் கையும் அவருக்கு உண்டு!

படுக்கையில் விழுந்த பிறகாவது சும்மா இருந்தாரா? மருந்துச் சீட்டு அடிக்க வந்த தாதியின் திரையில், சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்ததாம். அந்தப் பெண் வழக்கம்போல 'பரவாயில்லை, தொடர்க' என்ற பொத்தானை அமுக்கப் போனாளாம். மூக்கில் குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார் இபு. "கைய எடு, தங்கச்சி. பழக்கமில்லாத ஆள் கதவத் தட்டினா, யாருன்னு கேக்காம தொறப்பியா நீ?" அந்தத் தாதி இன்று இங்கே வந்திருக்கிறாள். அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

அன்பு நெஞ்சங்களே! அப்படிப்பட்டவரின் அட்டை இப்போது யாரிடம் இருக்கிறது? அவருக்குப் பின் விதிப்படி பாக் சஹாலாவிடம் வந்திருக்கிறது. பாக், மன்னிக்க வேண்டும், காலையில் உங்கள் அறையில் பேசியதைச் சபையில் சொல்கிறேன். நாளை ஆளுநர் வந்து நம்மோடு இணைந்த மருத்துவமனைகளின் புதிய சேவையைத் தொடங்கிவைக்கிறார். இன்று ரத்து செய்தால் நாளை திரையில் ஒரு மருத்துவமனை இருட்டாக இருக்கும். அதனால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் இன்று சாவியை வெளியே விட்டுவிட்ட அந்த மருத்துவமனைப் பெண் பயந்து ஒளியவில்லையே! உடனே நம்மைக் கூப்பிட்டுச் சொன்னாளே! சொன்னவளை நம்ப வைத்துவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிக்க வேண்டிய இடம் இது. எனக்கு வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. என் அட்டை இதோ சட்டைப்பையில் இருக்கிறது. ரத்து செய்யும் கணினி இருக்கும் சாவி அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. தனியாகப் போய் நான் ஒன்றும் செய்ய முடியாது, பாக். ரோஸ்மைடா இடத்தில் ஓர் ஆள் வேண்டும்.

லாயே தார்சான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"போய் முடிச்சிட்டு வாங்க, லாயே. அவ இருந்திருந்தா உங்கள இவ்வளவு நேரம் பேசவே விட்டிருக்க மாட்டா."

கேட்டீர்களா சபையோரே? பாக் சஹாலா எழுந்துவிட்டார். கழுத்தில் தொங்கும் நாடாவிலிருந்து இபுவின் அட்டையைக் கழற்றுகிறார். பாதிரியார் ஐயா, நீங்கள் ஜெபத்தைத் தொடங்குங்கள். நாங்கள் இருவரும் கீழே போகிறோம்.