காலையில் கொடுத்த சிவப்பு உறை

உங்கள் ஸ்டேஷன் பால் டீ மோசமில்லை, இன்ஸ்பெக்டர் மிஸ்டர் இப். எங்கள் கவுலூன் ஸ்டூடியோவில் இதைவிடக் கேவலமான டீயைக் குடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் நானே கதை எழுதி, நானே இயக்கி, சிரிப்புப் படங்கள் எடுத்தேன். படமும் டீயும் ஒரே கெட்டிலில் கொதித்தவை என்று ஒரு பத்திரிகை எழுதியது. நியாயமான விமர்சனம்.

ஃபுங் காம்-டாங் என் எல்லாப் படங்களிலும் விழுந்தவன். ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுவதுதான் அவன் பிழைப்பு. கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, பழக்கடைப் பலகையால் மறைத்திருப்போம். போன படத்தை வெளியிடுமுன் கொட்டகையில் போட்டுக் காட்டியபோது, விழுந்தவனின் தலை பலகைக்கு மேலே ஒருமுறை பந்துபோல் எம்பி எட்டிப் பார்த்துவிட்டது. எங்கள் ரசிகர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "டேய் டைரக்டர், கீழ மெத்தை போட்டிருக்கியா? நீயும் வந்து படுடா!" என்று கொட்டகையே கத்தியது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனபின் தூக்கம்தான் வரவில்லை. இன்னொரு படம் இப்படிப் போனால் கதவைச் சாத்திவிடுவேன் என்றார் தயாரிப்பாளர்.

இந்தப் படத்தில் டாங்குக்கு முதல்முறையாக முகம் தெரிகிற வேடம். மாடியிலிருந்து விழுந்து, எழுந்து, டீக்கடைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வான். படப்பிடிப்பன்று காலை அவன் கையில் பணம் வைத்த ஒரு சிவப்பு உறையை வைத்தேன்.

"என்னண்ணே இது? பொணமா நடிக்கிறவனுக்குத்தானே தோஷம் கழிய உறை குடுப்பீங்க? எனக்கு இதுல கல்யாணம்ணே!"

"கல்யாணத்துக்கும் உறைதானடா. வாங்கிக்கோ."

"அப்ப சரி. பொண்ண மட்டும் மாத்திராதீங்க. காலையில ஒரு கதை, சாயங்காலம் ஒரு கதை எழுதற ஆளு நீங்க."

உண்மைதான். அன்று காலையும் மாற்றித்தான் எழுதியிருந்தேன்.

எல்லாரும் வறுத்த வாத்தும் சோறும் சாப்பிடப் போனபோது கீழே அடுக்கியிருந்த பெட்டிகளை நானே அப்புறப்படுத்தினேன். தொழிலாளிகளைப் பசியோடு வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது. மேலிருந்து பார்த்தால் பழக்கடையின் துணிப்பந்தல் தரையை மறைத்துவிடும். "பெட்டி இருக்காண்ணே?" என்று மாடியிலிருந்து கேட்டான். "எப்பவும் போலத்தாண்டா" என்றேன்.

தலை எம்பவில்லை.

பிணமாக நடித்தவன் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம். கட் சொல்லாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

விபத்தென்றால் காலையிலேயே எதற்கு உறை என்று கேட்டீர்கள். பிறகு கொடுத்தால் அவன் எப்படி வாங்கியிருப்பான், இன்ஸ்பெக்டர்? என் படத்தில் சாகிறவனுக்கு உரிய மரியாதையை நான் ஒருநாளும் குறைத்ததில்லை.