‘மனுஷனுக்குப் பயப்படு’ மலையிறங்கிய கதை

— சத்தியமாத்தான் சொல்றேன் மருமகளே. இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா பூமித்தாய் அசாசே யா என்னை அப்படியே முழுங்கட்டும். அரசரோட பெரிய ஆணையே வைப்பேன். ஆனா அதை வச்சா நாளைக்கு தண்டம் கட்ட ஆட்டோட போய் அரண்மனையில நிக்கணும். எங்கிட்ட ஆடு இல்ல.

— ஆடு கிடக்கட்டும் மாமா. வண்டி ஏன் சத்தமே போடாம போகுது?

— மாம்பொங் இறக்கம். இறக்கத்துல என்ஜினுக்கு என்ன வேலை?

— மத்த டிரைவருங்க கியர்ல போட்டு உறும விட்டுத்தானே இறக்குவாங்க?

— உறுமினா டீசல் குடிக்கும். டீசல் இந்த நாட்டுல எங்க கிடைக்குது? கேளு, உன் பேரு என்ன சொன்ன?

— கொனாடு. நீங்க ரோட்டைப் பாருங்க.

— பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அது நம்மகிட்ட ரொம்ப வேகமா வருது.

— ஐயையோ! மாமா, பின்னால பெஞ்சியில ஒருத்தருமே இல்ல! சாப்பிட இறங்கினவங்க ஏறவே இல்லியே!

— கூட்டம் இல்லாட்டி வண்டி லேசாப் போகும். நீ ஏறிட்டல்ல?

— நான் ஏறினது முன்பலகையில எழுதின வண்டிப் பேரைப் பாத்து. மாம்பொங் நிறுத்தத்துல எத்தனை வண்டி நின்னுச்சு! ‘கடவுள் இருக்கார்’ கூப்பிட்டான், ‘பொறாமைக்காரன் சாகட்டும்’ கூப்பிட்டான். நான் ‘மனுஷனுக்குப் பயப்படு’ வந்தாத்தான் ஏறுவேன்னு நின்னேன். சந்தையில கேளுங்க, ‘பயப்படு’ டிரைவர் ஓட்டினா மடியில வச்ச முட்டை கூட உடையாதும்பாங்க.

— முட்டையா வச்சிருக்க?

— ஒரு தட்டு நிறைய. எஜுராவுல என் மக பிராகோ வலி எடுத்துக் கிடக்கா. தலைப்பிரசவம். பெத்து எழுந்தா சேனைக்கிழங்கு மசிச்சு முட்டை வச்சுக் குடுக்கணும். நான் வர்ற வரைக்கும் முக்கமாட்டேன்னு சொல்லி விட்டிருக்கா, கிறுக்கி. என்னைக் கொண்டு போய் உயிரோட சேத்துருங்க மாமா.

— சேத்துருவோம். முட்டையை இறுக்கிப் பிடி, ஒரு வளைவு வருது.

— என் ஆத்தா! என் ஆத்தா! சக்கரம் ஓரத்துக்குப் போச்சு! எனக்குக் கீழ மரத்தோட உச்சி தெரியுது!

— உச்சியைப் பாக்காத. கதையைக் கேளு. என் தாத்தா காலத்துல லாரி ஏது? கோக்கோவைப் பெரிய பீப்பாயில அடைச்சு, ரோட்டுல உருட்டிக்கிட்டே கடற்கரைக்குக் கொண்டு போவாங்க. ஏத்தத்துல பின்னால நின்னு தள்ளணும், இறக்கத்துல முன்னால நின்னு தாங்கணும். இதே மலையில முன்னால நின்ன ஒருத்தன் மேல பீப்பாய் ஏறி இறங்கிருச்சு. பாயி மாதிரி ஆயிட்டான். சுருட்டித் தபால்ல ஊருக்கு அனுப்பினாங்க.

— செத்துட்டானா?

— இல்ல, இல்ல. தபால்ங்கறதால கொஞ்சம் லேட்டாச்சு, அவ்வளவுதான்.

— மாமா, பிரேக்கை அழுத்துங்க!

— கீழ மூணு இருக்கு. மூணையும் அழுத்திட்டேன். ஒண்ணுக்கொண்ணு பொறாமை வரக்கூடாது பாரு.

— இப்பவா கிண்டல்? காத்து என் தலைத்துணியைப் பிடுங்குது!

— அதுக்கப்புறம் லாரி வந்துச்சு. கப்பல்ல வெறும் எலும்புக்கூடாத்தான் வரும். என்ஜின், சக்கரம், ஸ்டீரிங். மத்த உடம்பெல்லாம் நம்ம தச்சன் பலகை அறுத்துக் கட்டினது. எலும்பு வெள்ளைக்காரனோடது, சதை அசாந்தேக்காரனோடது. அதனாலதான் ரெண்டும் எப்பவும் ஒத்துப் போறதில்ல.

— ஒத்துப் போகாட்டி?

— இந்த வண்டிக்கே நடந்திருக்கு. ஒருநாள் இன்சுட்டா பக்கத்துல போல்ட்டு கழண்டு, பயணிங்க உக்காந்திருந்த பலகைப் பெட்டி ரோட்டுலயே நின்னுருச்சு. எலும்புக்கூடு மட்டும் டிரைவரோட எஜுராவுக்குப் போயிருச்சு. சந்தையில இறங்கித் திரும்பிப் பாக்கறார், பின்னால ஆகாசம். மனுஷன் பதறல. திரும்பி வந்து, பெட்டிக்கு அடியில வண்டியை நுழைச்சு, போல்ட்டை முடுக்கிக் கூட்டிட்டுப் போனார். உள்ள இருந்தவங்க ஞானப்பாட்டு பாடிக்கிட்டே இருந்தாங்க. ஒரே ஒரு அம்மா மட்டும், “இன்னிக்கு ரோடு நல்லாப் போட்டிருக்காங்க, குலுக்கலே இல்ல”ன்னுச்சாம்.

— அது நடந்திருக்கவே முடியாது.

— அசாசே யா மேல சத்தியம் பண்ணியாச்சு. பூமி என்னை முழுங்கிச்சா?

— முழுங்கத்தான் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குதே, எனக்கு இடது பக்கம்! மாமா, வளைவு! வளைவு! மாமா, ஏன் பேச்சை நிறுத்திட்டீங்க? பேசுங்க. நீங்க பேசாட்டி எனக்குச் சக்கரச் சத்தம் கேக்குது.

— கொனாடு, உனக்கு ஜெபம் ஏதாச்சும் தெரியுமா?

— தெரியும். இப்ப ஒண்ணும் நெனப்பு வரல. கதை சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

— இதே வண்டி. மழைக்காலம். இதே வளைவுல வழுக்கி மேலேருந்து விழுந்துச்சு. கீழ ரோட்டுல ‘பொறாமைக்காரன் சாகட்டும்’ போய்க்கிட்டிருந்துச்சா, அது முதுகுல நச்சுனு உக்காந்துருச்சு. அப்படியே எஜுரா வரைக்கும் சவாரி. பயணிங்ககிட்ட ரெண்டு வண்டிக்காரங்களும் காசு கேட்டாங்க. அதுல வந்த சண்டை இன்னும்... கொனாடு.

— என்ன?

— கீழ பாலம் தெரியுதா?

— தெரியுது. ஒத்தை வண்டிப் பாலம்.

— அந்தப் பக்கம் என்ன வருது? என் கண்ணு தூரத்துக்கு ஆகாது.

— ஆகாதா? டிரைவர் கண்ணு தூரத்துக்கு ஆகாதா? லாரி மாமா! மரம் ஏத்தின லாரி! யானை மாதிரி அடிமரம் மூணு வச்சிருக்கான்! பாலத்துக்குத்தான் வர்றான்! ஹார்னை அடிங்க!

— ஹார்ன் மேட்டோட, அதான் கிளீனர் பையனோட, வாயில இருக்கு. பலகையைத் தட்டித் தட்டி அவன்தான் கத்துவான். அந்தப் பையன் மலைமேலேயே தங்கிட்டான். உன் தட்டு எனாமலா, பிளாஸ்டிக்கா?

— எனாமல்.

— முட்டையைக் கொட்டு. தட்டை வெளிய நீட்டி அடி.

— பிராகோவோட முட்டை!

— பிராகோவோட ஆத்தா வேணுமா, முட்டை வேணுமா?

— ஐயோ... கொட்டிட்டேன்... உங்க காலெல்லாம் மஞ்சக் கரு... டேய் மரவண்டி! நில்லுடா! பயப்படு வருது! ‘மனுஷனுக்குப் பயப்படு’ வருதுடா! பிரேக் இல்லடா! நில்லு!

— இன்னும் பலமா! அவன் நிக்கிறானா?

— தெரியல! டேய், உன் ஆத்தா உன்னைப் பெத்தாளா, உருட்டி விட்டாளா, நில்லுடா! நிக்கிறான்! மாமா, நிக்கிறான்! கதவைத் திறந்து குதிச்சு ஓடறான்!

— கண்ணை மூடிக்க.

— நீங்க மூடாதீங்க! பலகை தடதடங்குது... மாமா... தாண்டிட்டமா?

— அவன் கண்ணாடியை ஒடிச்சிட்டோம். தாண்டிட்டோம். இப்ப ஏத்தம். பாரு, வேகம் தானா அடங்குது.

— அடங்குது. கடவுளே, அடங்குது. நிக்கப் போகுது.

— நிக்கும். நின்னதும் பின்னால போகும்.

— என்னது?

— ஏத்தத்துல நிக்கிற வண்டி எங்க போகும்? பாலத்துக்குத்தான். அங்க அந்த மரவண்டி. உன் காலடியில என்ன, அந்தக் கட்டை?

— கட்டை இல்ல. ஸ்டூல். என் அம்மா உக்காந்தது, ஒரே மரத்துல செதுக்கினது. பிரசவத்துக்கு அப்புறம் என் மகளை உக்கார வைக்கக் கொண்டு போறேன்.

— குதிச்சுப் போய் அதைப் பின்சக்கரத்துக்கு அடியில வை.

— என் அம்மாவோட ஸ்டூலையா? அவ உசிரே அதுலதானே தங்கியிருக்கு! முன்னோருங்க என்னைச் சும்மா விடுவாங்களா?

— விடாட்டி இப்பவே நேர்ல போய்ப் பேசிக்கலாம். ஓடு கொனாடு!

— ஓடறேன்! மாமா, சக்கரம் பின்னால வருது! வச்சிட்டேன்! ஏறுது, ஏறுது... கிறீச்சுங்குது... அம்மா, தாங்கிக்க. தாங்கிக்கம்மா.

— என்ன ஆச்சு?

— நின்னுருச்சு.

— நல்லாப் பாத்துச் சொல்லு.

— நின்னுருச்சு மாமா. ஸ்டூல்ல ஒரு கீறல். வேற ஒண்ணுமில்ல. நீங்க இறங்குங்க.

— இறங்கறேன். காலெல்லாம் மஞ்சக் கரு, வழுக்குது.

— என்னைப் பிடிச்சுக்குங்க. முட்டை போனா போகுது, எஜுராவுல கடனுக்காவது வாங்கிக்குவேன். மாமா, நான் ஒண்ணு சொல்றேன். பேரு வைக்கிறது அப்பன் உரிமை, ஆனா என் மாப்பிள்ளை நான் கண்ணை உருட்டினா கேப்பான். ஆம்பளைப் பிள்ளைன்னா உங்க பேருதான். எட்டாம் நாள் பேரு வைக்கிறப்ப நீங்களே வந்து பிள்ளை நாக்குல தண்ணி வைக்கணும். இப்படி ஒரு டிரைவர் இந்த அசாந்தே மண்ணுலயே கிடையாது. வண்டிப் பேரைத்தான் ஊரே சொல்லுது. உங்க சொந்தப் பேரு என்ன?

— ஆந்த்வி.

— ஆந்த்வி. நல்ல பேரு. சரி ஆந்த்வி மாமா, என்ஜினைப் போடுங்க. என் மக காத்துக்கிட்டிருக்கா.

— போடலாம் மருமகளே, ஆனா அது எப்படின்னு டிரைவருக்குத்தான் தெரியும், அவர் மாம்பொங்குல சூப்பு குடிச்சுக்கிட்டிருக்கார். நான் வண்டி முன்பலகையில எழுத்து எழுதறவன், பெயிண்ட் காயற வரைக்கும் நிழல்ல உக்காரலாம்னு ஏறினேன், கால் நீட்ட இடைஞ்சலா ஒரு கம்பி இருந்துச்சு, தள்ளி விட்டேன்.