கலங்கல்மேல் எடுத்த படம்

சாப்பிடுகிறவர்களைப் படம் எடுப்பது கஷ்டம் ஐயா. வாய் நிறையச் சோறு இருக்கும்போது யாருக்கும் முகம் சரியாக அமையாது. காஞ்சிபுரத்தில் பதினான்கு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐப்பசி மழையில் தாமல் ஏரி நிரம்பி, கலங்கல் கல்மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால், என் தங்கை அம்சவேணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் கட்டுச்சோற்றோடு கிளம்பிவிடுவார்கள். படமெடுக்க நானும் போவேன். எல்லார் வீட்டுப் புளிச்சோற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி ஒருத்தர் உருட்டிக் கொடுக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். எழுபத்தொன்றில் உருட்டியவள் அம்சவேணி.

அந்தப் படங்களைக் கழுவும்போதுதான் கவனித்தேன். அடுத்தடுத்து எடுத்த இரண்டிலும் அவள் கை இளங்கோவன் வாத்தியாரின் உள்ளங்கையிலேயே இருந்தது. அம்மா போனபின் அவளுக்கு ஊட்டி வளர்த்தவன் நான். நெஞ்சு வெந்துவிட்டது. அவன் அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். ஆனால் அதற்காக இல்லை. நான் சாதி பார்க்கிறவனில்லை ஐயா. என் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் ஒரே நாற்காலிதான்.

மறுவருஷம், அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் மட்டும் தாமலுக்குப் போனேன். எந்தக் கல்லில் பாசி அதிகம் என்று காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அவனைக் கலங்கல்மேல் அந்தக் கல்லுக்கு முன்னால் தனியாக நிற்கவைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க சார்."

போட்டோக்காரன் சொன்னால் கலெக்டரும் கேட்பார்.

"போதுமாண்ணா?" என்று சிரித்தான்.

"இன்னும் ஓரடி" என்றேன்.

மூன்றாம் நாள் கால்வாயில் உடல் கிடைத்தது. வழுக்கி விழுந்ததாக நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து அம்சவேணிக்குச் சோறு இறங்குவதில்லை. தினமும் ஸ்டூடியோவுக்கு வந்து நிற்கிறாள்.

"கடைசியா சிரிச்சிக்கினு நின்னாரே, அந்தப் படம் ஒண்ணு குடுண்ணா. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்தப் படம் இல்லை ஐயா. சாப்பாட்டை எடுத்ததோடு ரோலைக் கழற்றிவிட்டேன். விழப்போகிறவனுக்கு ஃபிலிமை ஏன் வீணாக்க வேண்டும் என்று வேறு ரோல் போடவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவளிடம் மட்டும் ஃபிலிம் கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிடுங்கள். அவளை நான் ஒருநாளும் அழவிட்டதில்லை.