மேற்கே பார்த்த டிஷ்

– அந்த ஸ்பேனரக் குடு தாயி. பெருசு இல்ல, அதுக்கு அடுத்தது. டிஷ்ஷு அசையவே கூடாது, கேட்டுக்க. ஆடிக் காத்துல ஒரு நூலு நகண்டாலும் நம்ம பேசுறது செயற்கைக்கோளுக்குப் போகாது. சதுரகிரி மலையில போயி முட்டிக்கிட்டு நிக்கும்.

– இந்தாங்கண்ணே.

– ஆமா, இம்புட்டுச் சரியா மேற்க பாத்து யாரு நிறுத்துனா? மதுரையிலருந்து கெளம்பும்போதே நெனச்சேன், இன்னைக்கு அரைநாளு இதோட மல்லுக்கட்டணும்னு.

– நான்தாண்ணே நிறுத்துனேன்.

– பரவாயில்லயே. தன்னால அமைஞ்சிருச்சு ஒனக்கு. சரி, இங்க பாரு. இந்தப் பொட்டிதான் டிரான்ஸ்வெர்ட்டர். ஒன் ரேடியோவுக்கு அம்புட்டு ஒசரத்துல இருக்குறவன்கூடப் பேசத் தெரியாது. அது குடுக்குறத இந்தப் பொட்டி வாங்கி, செயற்கைக்கோளு எந்த அலையில கேக்குதோ அந்த அலைக்கு மாத்தி அனுப்பும். வெளங்குதா?

– பரீச்சை எழுதித்தாண்ணே ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருக்கேன். காலேஜ் லேப்ல நாள் பூரா இதத்தான தொடச்சுக்கிட்டு இருக்கேன்.

– பரீச்சை வேற, வேலை வேற தாயி. ஊரு பூரா கேமரா மாட்டுறவன் சொல்றேன், கேட்டுக்க. ரேடியோவுல பவரக் கொறச்சு வை. கூட்டுனேன்னா பொட்டி கருகிரும். கருகலைன்னாலும் மேல உள்ளது சும்மா விடாது. நம்ம சத்தம் அடுத்தவன் சத்தத்த அமுக்குதுன்னு தெரிஞ்சா, செயற்கைக்கோளே சங்கு ஊதி மானத்த வாங்கிரும். எனக்கு ஒருக்கா ஊதிருச்சு. ஜெர்மனிக்காரன் பூரா சிரிச்சான்.

– சத்தமாப் பேசுனா ஊதும்.

– ஆமா.

– தப்பாப் பேசுனா ஊதாதாண்ணே?

– அதுக்கென்ன தெரியும், மிஷினு. அந்தக் கருப்பு டேப்ப எடு. சுத்துறப்ப நல்லா இழுத்துச் சுத்து, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனாலும் போச்சு. கீழ என்ன வாசம் தூக்குது? அம்மா கோழி அடிச்சிருக்காங்களா?

– நாட்டுக்கோழி. நீங்க வாரீங்கன்னு விடியவும் புடிச்சு அடிச்சிருச்சு.

– எங்காத்தா கூட எனக்கு இப்படிச் செஞ்சதில்ல. அழகுபாண்டி துபாய்ல ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடக்கான், நான் அவன் பங்கையும் சேத்துச் சாப்புடுறேன்.

– அண்ணன் போனதுலருந்து நீங்கதான இந்த வீட்டுக்கு மகன். அம்மா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லும். மொத மொத எனக்கு வலிப்பு வந்தன்னைக்கு, அண்ணன் என்னயப் புடிச்சுக்க, நீங்க பைக்க வெரட்டிக்கிட்டு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களே. இன்னைக்கும் அதச் சொல்லி அழுகும்.

– அதெல்லாம் எதுக்கு இப்ப. ஸ்கூல்ல படிக்கிறப்ப வந்தது. இப்பத்தான் வாரதில்லயே.

– காலேஜ் சேந்ததுலருந்து வரல. ராத்திரி ஒரு மாத்திர, அம்புட்டுத்தான்.

– பெறகென்ன.

– பெறகுதாண்ணே எழுமலைக்காரங்க கல்யாணத்த நிப்பாட்டுனாங்க.

– விடு தாயி. அவங்களுக்குக் குடுத்து வைக்கல. ஒனக்குன்னு ஒருத்தன் எங்கயாச்சும் இருப்பான்.

– யாருண்ணே அவங்கட்டப் போயி சொல்லியிருப்பா?

– இதையே எம்புட்டு நாளைக்குக் கேப்ப? நாகஜோதிதான்னு முடிஞ்சுபோச்சே. எழுமலையில பொறந்து பேரையூருக்கு வாக்கப்பட்டவ. மாப்ள வீடு அவ அப்பன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஒன்கூடப் படிச்சவ வேற. நம்ம வீட்ட விட்டா அவளுக்குத்தான் தெரியும்.

– உங்களுக்கும் தெரியும்.

– அடப் போ தாயி. நானும் நம்ம வீடுதான.

– நாகஜோதி பேர மொதல்ல எடுத்தது நீங்கதாண்ணே.

– சந்தேகமா இருக்குன்னுதான் சொன்னேன். அம்மா உடனே எந்திரிச்சுப் போயி குழாயடியில மண்ண வாரித் தூத்தும்னு எனக்கென்ன தெரியும்?

– கைப்புள்ளையோட நின்னா. அன்னைக்கு அவ புருசன் அவளப் போட்டு அடிச்ச சத்தம் இந்த மொட்டைமாடிக்குக் கேட்டுச்சு. இப்ப என்னயக் கண்டா முக்காட்ட இழுத்துக்கிட்டுச் சந்துக்குள்ள போயிர்றா.

– பாவந்தான். அந்தக் கேபிள இறுக்கு. அம்புட்டு இல்ல, மரை போயிரும்.

– அவ இல்லாம வேற யாராச்சும்னா, அவங்க வந்து அம்மாட்ட சொல்லணுமில்லண்ணே?

– வேற யாரு இருக்கா?

– இருந்தான்னு சொல்றேன்.

– இருந்தா சொல்லத்தான் வேணும். ஆனா இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? நின்ன கல்யாணம் நின்னதுதான். நல்ல காரியம் பண்றப்ப இதெல்லாம் பேசாத தாயி. பிளக்கப் போடு. பொட்டியில லைட்டு எரியுதா?

– எரியுது.

– அம்புட்டுத்தான். இனி நீ பேரையூர்ல பேசுனா ஆப்பிரிக்காவுல கேப்பான். மொதல்ல மஸ்கட்டுல ஒருத்தன் இருக்கான், பீமாராவ், நம்ம மதுரைக்காரன். தெனம் சாயங்காலம் நானும் அவனும் மேல பேசிக்குவோம். ஒன்னய அறிமுகப்படுத்தி விடுறேன்.

– அவரு இப்ப அல்வாவ நிப்பாட்டிட்டாராண்ணே?

– என்ன அல்வா?

– சர்க்கரை கூடிப் போச்சுன்னு பொண்டாட்டி திட்டவும், ஆபீஸ் மேசையில ஒளிச்சு வச்சுத் திங்கிறேன்னாரே.

– அது எப்படி ஒனக்குத் தெரியும்?

– அவருதான் சொன்னாரு. உங்ககிட்ட.

– ஒனக்கு இன்னைக்குத்தான தாயி பொட்டியே மாட்டுறோம்.

– பேசத்தாண்ணே இந்தப் பொட்டி வேணும். கேக்குறதுக்கு டிஷ்ஷும் லேப்டாப்பும் போதும். பங்குனியிலருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

– ஒரு வார்த்தை சொல்லலயே நீ.

– லைசென்ஸ் வரவும் மொதக் குரலு உங்களத்தான் கூப்புடணும், நீங்க அசந்து போகணும்னு ஆசையா வச்சிருந்தேன். அதான் சொல்லல.

– சரி. நல்லதுதான்.

– அதுக்குள்ள ஸ்பேனரப் பையில போடுறீங்களேண்ணே.

– நீ என்னத்தக் கேட்ட, அதச் சொல்லு.

– வைகாசியில பீமாராவ் விசாரிச்சாரு, ஒன் ஃபிரெண்டு தங்கச்சி கல்யாணம் என்னாச்சுன்னு. நீங்க சிரிச்சீங்க. மாப்ளயோட அப்பன் மாட்டுத்தாவணியில உங்களப் பாத்து, டீ வாங்கிக் குடுத்து, பொண்ணு எப்படின்னு கேட்டாருன்னீங்க. ‘அம்புட்டுப் பெரிய மனுசன் நம்மகிட்ட வந்து விசாரிக்கிறான், இருக்குறதச் சொன்னேன், ஒத்த வார்த்தை, நின்னுபோச்சு’ன்னீங்க.

– தாயி, அது வந்து...

– பழி நாகஜோதி மேல போனதச் சொல்லி அதுக்கும் சிரிச்சீங்க. யாராச்சும் கேட்டுறப் போறாங்கன்னு பீமாராவ் சொன்னதுக்கு, ‘தமிழ்ல பேசுறது வெள்ளைக்காரனுக்கா வெளங்கப் போகுது’ன்னீங்க.

– நான் பொய் சொல்லல மீனா, கேட்டுக்க. வலிப்பு வந்தது நெசந்தான? மறைச்சுக் கட்டிக்குடுத்து, நாளைக்கு அங்க போயி விழுந்தேன்னு வையி, யாரு வாழ்க்கை போகும்? ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

– யாருண்ணே மறைச்சா? மாப்ள முத்துப்பாண்டிகிட்ட நானே சொல்லியிருந்தேன். மாத்திரைச் சீட்டையும் காட்டுனேன். அதனால என்ன, எங்க சித்தப்பாவுக்கும்தான் இருக்குன்னாரு. அப்பா அம்மாட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன், ஒரு வாரம் பொறுன்னாரு. அதுக்குள்ள நீங்க டீ குடிச்சிட்டீங்க.

– இது எனக்குத் தெரியாது.

– என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவ விழுவான்னும் சொல்லியிருக்கீங்க. அது எந்த நெசம்?

– வாயில வந்துருச்சு. அந்த ஆளு கண்ண அகட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

– சரி. போன கல்யாணத்த நான் கேக்கல. அப்பன் பேச்சுக்குப் பயந்து போனவரு எனக்கும் வேணாம். நீங்க கீழ வந்து அம்மாட்ட சொல்லுங்க. நாகஜோதி இல்ல, நான்தான்னு. அது போதும் எனக்கு.

– அது மட்டும் வேணாம் தாயி. மாயக்காம்மா தாங்க மாட்டாங்க. என்னய மகன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு அந்த மனுசி.

– நாகஜோதியும் ஒருத்தி பெத்த மகதாண்ணே.

– நான் நாகஜோதி வீட்டுக்குத் தனியாப் போறேன். அவ புருசன் காலுல கூட விழுறேன். ஒனக்கு என்ன சாமான் வேணும்னாலும் கேளு, என் வீட்டுல இருக்குற பெரிய டிஷ்ஷக் கொண்டாந்து மாட்டித் தாரேன். அழகுபாண்டிகிட்ட கூடச் சொல்லிக்க, அவன் ரெண்டு அடி அடிச்சிட்டு விட்டுருவான். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

– சொல்ல மாட்டீங்க.

– இன்னைக்கு வேணாம். கோழியெல்லாம் அடிச்சு வச்சிருக்காங்க. சோத்து நேரத்துல எதுக்குச் சொல்லிக்கிட்டு. இன்னொரு நாளு நானே வந்து சொல்றேன், சத்தியமா.

– மாடிக்கு வந்ததுலருந்து சுத்திச் சுத்தி அதத்தாண்ணே கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்களா சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.

– நீ சொல்லிராத. ஒன்னயக் கும்புட்டுக் கேக்குறேன் மீனா.

– கையக் கீழ போடுங்க. நான் சொல்ல மாட்டேன். எலை போட்டாச்சாம், கூப்புடுது. எறங்குங்க.

– நெசமா சொல்ல மாட்டியே?

– எனக்கே அம்மா சொல்லித்தாண்ணே தெரியும். ‘செல்வக்குமாரு குரலு வானத்துலருந்து வருதாமே, ஆசையா இருக்கு, நானும் கேக்குறேன்’னு, அன்னைக்கு என் காதுலருந்து ஹெட்போனக் கழட்டி மாட்டிக்கிட்டது அவங்கதான்.