மன்னவனூர் மூட்டையும் ஷாஸியாவின் சி நிரலும்

மண்டியை விட்டு மலையேறி வந்து இந்த மேடைக்குத் தலைமை தாங்கும் ஒட்டன்சத்திரம் சம்சுல் ஆலம் பாய் அவர்களே! மேகத்துக்குள்ளே கேரட் விளைவிக்கும் மன்னவனூர்ப் பெரியோர்களே! கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! விவசாயிகள் சங்கச் செயலாளர் பொன்னுவேலின் பணிவான வணக்கம்.

கணினிக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியும், தேதி தெரியும். மூட்டை தெரியுமா? தெரியாது! தெரியவைத்தார் ஷாஸியா, கொடைக்கானலிலிருந்து நம் சங்கத்துக்கு வந்த பொறியாளர். நம் சரக்குக் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸுக்குள் 'மூட்டை' என்றே புதியதொரு தரவு வகையைச் 'சி' என்னும் கணினி மொழியில் படைத்தார். நாம் எழுதுவதை உள்ளே வாங்க ஒரு நிரல்துண்டு. உள்ளிருப்பதை நமக்குக் காட்ட ஒரு நிரல்துண்டு. இரண்டில் எது பெரிது என்று சொல்ல ஒரு நிரல்துண்டு. என்னண்ணே, கொட்டாவி விடுறீங்க? இனிமேதான் சங்கதியே இருக்கு!

அந்த மூன்றாவதுதான் காலை வாரியது. பெரிய சுமைக்குப் பெரிய லாரி என்பது நம் வழக்கம். பக்கத்து ஊர் போளூரில் அறுபது மூட்டை, இங்கே நாற்பது. அறுபதே பெரிது என்றது நிரல். பெரிய லாரி போளூர் போனது. ஆனால் நாம் என்ன செய்வோம்? சாக்கின் வாய்க்கு மேலேயும் கோபுரமாய்க் குவித்துக் கயிறு போட்டுத் தைப்போம்! அவர்கள் மூட்டை ஐம்பது கிலோ, நம் மூட்டை தொண்ணூறு. வந்த சின்ன லாரியில் இடமில்லை. சின்னத்தாயி அம்மாவின் பன்னிரண்டு மூட்டை ரோட்டோரம் கிடந்து, மூன்று நாள் மழையில் அழுகிப்போனது.

"என் தப்புங்க" என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார் ஷாஸியா. யார் தப்பு? "ஊருக்கு ஊர் மூட்டை மாறுமாங்க?" என்று முதல் நாளே அவர் கேட்டபோது, "மூட்டைன்னா மூட்டைதாம்மா, சோலியப் பாருங்க" என்று சொன்ன வாய் எது? இந்த வாய்! வெட்கத்தோடு சொல்கிறேன், இந்த வாய்!

கடிதம் கொடுத்த மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் இங்கே வந்தார். வீடு வீடாகத் தராசு வைத்து மூட்டையை நிறுத்தார். ஊருக்கு ஊர் மாறும் எடையை அந்த 'மூட்டை' வகைக்குள் சேர்த்தார். ஒப்பிடும் நிரலைத் திருத்தினார். வேலையை விட்டுப் போகிறவர் செய்கிற வேலையா இது?

அவரைப் போகவிடுவதா, வேண்டாமா? விளைச்சலை இழந்த சின்னத்தாயி அம்மாவையே கேட்டேன். சொன்னார்:

"நாப்பது வருசமா எம்மூட்டைய எண்ணிட்டுப் போனவுகதான் எல்லாரும். வாசலுக்கு வந்து நிறுத்துப் பாத்தது அந்தப் புள்ள ஒண்ணுதான். கடுதாசியக் கிழிங்கய்யா!"

கிழிக்கிறேன், பாருங்கள்! ஷாஸியாம்மா, கண்ணத் தொடைங்க. திங்கக்கிழமை வெள்ளனே வந்துடுங்க, முட்டைக்கோஸ் மூட்டை இன்னும் நிறுக்காமக் கெடக்கு. குளிரிலும் கலையாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!